ரைஃபிள் பேரலும் குறியும்: ரேஞ்சில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட குண்டுகள் பேப்பரில் விழும் கொத்து, விரிந்துபோனால் முதல் பழி பேரல் மேல்தான் விழுகிறது. அடுத்த வேலை, கையில் கிடைத்த கம்பியை உள்ளே விட்டுத் தேய்ப்பது. பல வருடமாக .22 (0.22 அங்குல) ரைஃபிள்களைச் சுட்டும் பராமரித்தும் வருகிற எனக்கு, இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. சுட்டுத் தேய்ந்த பேரல்களைவிடத் துடைத்துக் கெட்ட பேரல்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கம். இங்கே பேசுவது பெரும்பாலும் 50 மீட்டர் போட்டிக்கான .22 ரைஃபிளைப் பற்றி. ஏர் ரைஃபிளும் பெரிய தோட்டா ரைஃபிளும் தேவைப்படும் இடத்தில் வரும்.

பேரலுக்குள் என்னதான் நடக்கிறது? எந்தப் பகுதி குறியைத் தீர்மானிக்கிறது?

தோட்டா உட்காரும் இடம் சேம்பர். தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரிந்ததும் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு உறையிலிருந்து கழன்று, சேம்பருக்கு முன்னால் உள்ள தொண்டை வழியாகக் காடிகளுக்குள், அதாவது பேரலின் உட்சுவரில் வெட்டிய நீளப் பள்ளங்களுக்குள், நுழைகிறது. காடிகள் முறுக்கிச் செல்வதால் குண்டும் சுழல்கிறது. .22 பேரலில் 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது வழக்கமான அளவு. குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால், அப்போது அது வினாடிக்கு 800 தடவை சுழன்றுகொண்டிருக்கும். பம்பரம் நிமிர்ந்து நிற்பதைப் போல அந்தச் சுழற்சிதான் குண்டைக் கவிழாமல் கொண்டுபோகிறது.

குறியைப் பொறுத்தவரை பேரலின் இரண்டு முனைகளும்தான் முக்கியம். தொண்டையில் குண்டு கோணாமல் நுழைய வேண்டும். குண்டு வெளியேறும் முன்முனையான வாயில் கோணாமல் விடுபட வேண்டும். ஈயம் மென்மையானது, தொண்டையில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் நுழையும்போதே ஒரு பக்கம் நசுங்கிவிடும். நசுங்கிய குண்டை அதற்கு மேல் எந்தப் பேரலாலும் சரிசெய்ய முடியாது. நடுப்பகுதி சீராக இருக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் நடுவில் இருக்கும் சின்னக் கறைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு துல்லியம் இருந்தால் போதும்?

50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. வளையத்தை வெளியிலிருந்து தொட்டாலே பத்து கிடைக்கும். கணக்குப் போட்டால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதாவது ரைஃபிளும் தோட்டாவும் சேர்ந்து 16 மி.மீ.க்குள் குரூப் போட்டால், ஆள் தப்பு செய்யாதவரை எல்லாமே பத்து.

முன்பு அது போதும். இப்போது பத்துக்குள்ளேயே 10.0 முதல் 10.9 வரை பிரித்து எண்ணும் போட்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.8 மி.மீ. தான் இடைவெளி. பேரலின் நிலைமை முன்பைவிட இப்போது அதிகம் பேசப்படுவதற்கு இது ஒரு காரணம்.

போன மாதம் வரை நன்றாக இருந்த ரைஃபிள் இப்போது குரூப் போடவில்லை. பேரல் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பேரல் ஒரே மாதத்தில் போவதில்லை. ஒரே மாதத்தில் மாறக்கூடியவை வேறு. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஸ்டாக்கையும் (தோளில் வைக்கும் கட்டை) ஆக்‌ஷனையும் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் பகுதி) பிணைக்கும் திருகுகள். தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கை அளவு, கண் அளவு என்று விட்டுவிட வேண்டாம். குரூப் இரண்டு கொத்தாகப் பிரிந்து விழுந்தால் எனக்கு முதல் சந்தேகம் இந்தத் திருகு மேல்தான். அடுத்தது பின் சைட் ஆடுகிறதா, முன் சைட் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதன் பிறகு தோட்டா. ஒரே தொகுப்பாகச் செய்த தோட்டாக்களுக்குப் பெட்டியில் போடும் லாட் எண் மாறியிருக்கிறதா? ஒரே பெட்டி நிறம், ஒரே பெயர், ஒரே விலை இருந்தாலும் லாட் வேறு என்றால் தோட்டா வேறு. குரூப் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 50 மீட்டர் போவதற்குள் குண்டு சுமார் 12 செ.மீ. கீழே இறங்குகிறது. வேகத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் வந்தால் அந்த இறக்கம் ஏழெட்டு மி.மீ. மாறும். மேலே சொன்ன 8 மி.மீ. கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள், பத்து எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

இவையெல்லாம் சரி என்றால் பேரலைச் சோதிக்கலாம். மேசையில் மணல் மூட்டை வைத்து, காற்று ஓய்ந்த நேரத்தில், ஒரே லாட்டில் பத்துப் பத்துக் குண்டாக நான்கு குரூப் சுடுங்கள். ஐந்து குண்டு குரூப்பை நம்பாதீர்கள். ஐந்தில் ஒன்று அதிர்ஷ்டவசமாக அழகாக விழும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஏமாந்துபோவோம். நான்கு குரூப்பும் எல்லாப் பக்கமும் உருண்டையாக விரிந்திருந்தால், வேறு இரண்டு லாட்டிலும் அப்படியே இருந்தால், அப்போதுதான் தொண்டை, வாய், கசடு என்று பேச ஆரம்பிக்கலாம்.

எத்தனை ரவுண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்?

எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. சில பேரல்கள் ஆயிரம் ரவுண்டு தாண்டியும் அலுங்காமல் சுடும். சில 200 ரவுண்டிலேயே சோர்ந்துவிடும். உங்கள் பேரல் எந்த வகை என்பதற்குக் குறிப்பேடுதான் பதில் சொல்லும். தேதி, லாட் எண், அன்று சுட்ட ரவுண்டு, கடைசியாகச் சுத்தம் செய்த பிறகு மொத்த ரவுண்டு என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். மூன்று மாதத்தில் விடை அதில் தெரியும்.

குறிப்பேடு இல்லாத புதியவர்களுக்கு நான் சொல்வது: ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் சேம்பரையும், அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தையும் துடையுங்கள். பேரல் உள்ளே 300 அல்லது 400 ரவுண்டுக்கு ஒரு முறை இரண்டு மூன்று ஈரப் பேட்ச் (கம்பி நுனியில் வைத்துத் தள்ளும் துணித்துண்டு), இரண்டு உலர்ந்த பேட்ச். அதற்கு மேல் வேண்டாம்.

சுத்தம் செய்ததும் முதல் சில குண்டுகள் தள்ளிப் போகின்றனவே?

போகத்தான் செய்யும். .22 குண்டின் மேல் மெழுகோ பிசுக்கோ பூசியிருப்பார்கள். குண்டு போகப் போக அந்தப் பூச்சு பேரல் முழுக்கச் சீராகப் படிகிறது. அது படிந்த பிறகுதான் பேரல் தன் நிலைக்கு வருகிறது. பத்து முதல் இருபது குண்டு வரை ஆகலாம். தோட்டா கம்பெனியை மாற்றினாலும் இதே கதைதான், பழைய பூச்சு போய்ப் புதியது படிய வேண்டும். போட்டிக்கு முந்தின இரவு பளபளவென்று துடைத்துவிட்டுக் காலையில் போய் சைட்டர் நேரம் (புள்ளி எண்ணத் தொடங்குமுன் சோதித்துச் சுடும் நேரம்) முழுக்க பேரலைப் பழக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்பே துடைத்து, முப்பது நாற்பது குண்டு சுட்டு, அப்படியே எடுத்துப் போங்கள்.

சரியாகச் சுத்தம் செய்வது எப்படி?

பின்பக்கத்திலிருந்து, அதாவது சேம்பர் பக்கமிருந்து செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போர் கைடு என்ற குழாயைச் செருகுங்கள். கம்பி தொண்டையில் உரசாமல் நேராகப் போக அது உதவும். கம்பி ஒரே துண்டாக, மேலே பூச்சு உள்ளதாக இருக்கட்டும். திருகி நீட்டும் மூன்று துண்டு இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். அழுத்தினால் அது வளையும், வளைந்த இணைப்பு ஒவ்வொரு தள்ளலிலும் காடியின் விளிம்பைச் சுரண்டும். பேட்ச் வாய் வழியாக வெளியே வந்ததும் அதை எடுத்துவிட்டுக் கம்பியை இழுங்கள். அழுக்குப் பேட்ச்சைத் திரும்ப உள்ளே இழுக்காதீர்கள். கம்பியையும் ஒவ்வொரு தடவையும் துடையுங்கள்.

பித்தளை பிரஷ் எப்போதாவது போதும். அதை உள்ளே பாதியில் நிறுத்தித் திருப்பக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷை .22 பேரல் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

எங்கள் ரேஞ்சுக்கு ஒருமுறை பழைய போட்டி ரைஃபிள் ஒன்று வந்தது. அதற்கு முன் வைத்திருந்தவர் பல வருடமாக வாய்ப்பக்கமிருந்தே இரும்புக் கம்பியை விட்டுத் துடைத்திருந்தார். அக்கறையான மனிதர், வாரா வாரம் துடைப்பாராம். தொண்டை புதிதுபோல் இருந்தது. வாயை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் இரண்டு காடிகளுக்கு இடையிலிருந்த மேடு விளிம்பில் மழுங்கி, பளபளவென்று சரிந்து கிடந்தது. அந்த ரைஃபிள் என்ன தோட்டா போட்டாலும் 30 மி.மீ.க்குக் கீழே குரூப் போடவில்லை. வாயை மட்டும் வெட்டிப் புதுப்பித்த பிறகு, அதே பேரல், அதே லாட்டில் 15 மி.மீ.க்கு வந்தது. ஸ்டாக்கையோ டிரிகரையோ தொடவே இல்லை.

வாய் விளிம்பில் அவ்வளவு சின்ன தேய்மானம் எப்படி இவ்வளவு கெடுக்கும்?

குண்டு வெளியேறும் நொடியில் அதன் பின்னால் வாயு நெருக்கிக்கொண்டு நிற்கிறது. விளிம்பு எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தால் வாயு சுற்றிலும் ஒரே நேரத்தில் பிய்த்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் பள்ளம் இருந்தால் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் அடிப்பகுதியைத் தள்ளிவிடும். பேரலை விட்டு வெளியேறிய குண்டுக்குத் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சின்னத் தள்ளல் 50 மீட்டர் போவதற்குள் பெரிதாகிவிடும்.

வாய் விளிம்பைக் கிரவுன் என்பார்கள். அது பேரல் முகத்துக்குள் சற்றுக் குழிந்திருப்பதே இடிபடாமல் இருக்கத்தான். ரைஃபிளை வாய் கீழே படும்படி சுவரில் சாய்த்து வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு பஞ்சுக் குச்சியை விளிம்பில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. புதுப்பிப்பது லேத் வேலை. ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது சட்ட மீறல்.

குட்டிக் கேமரா வாங்கி உள்ளே பார்த்தேன். தொண்டையில் கறுப்பு வளையம் தெரிகிறது. மாற்ற வேண்டுமா?

அது பெரும்பாலும் கரி வளையம். எரிந்த மருந்தும் மெழுகும் ஈயத்தூளும் சேர்ந்து, உறையின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் பாறை மாதிரி இறுகும். தோட்டாவை உள்ளே தள்ளும்போது வழக்கத்தைவிட இறுக்கம் தெரிந்தால், வெளியே எடுத்துப் பார்க்கும்போது குண்டில் கீறல் தெரிந்தால், அது வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கரியைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த பேட்ச்சைச் சேம்பரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு பிரஷ் போடுங்கள். ஒரே நாளில் போகாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முறை. சுரண்ட வேண்டாம்.

கேமராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எல்லாவற்றையும் முப்பது நாற்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அருமையாகச் சுடும் பேரலுக்குள்ளும் கருவித் தடங்கள் தெரியும். கேமராவில் பார்த்ததை வைத்து முடிவு எடுக்காதீர்கள், பேப்பரில் விழுந்ததை வைத்து எடுங்கள்.

.22 பேரல் எவ்வளவு காலம் வரும்?

ஈயம் இரும்பைத் தேய்க்காது. மருந்தும் கொஞ்சம்தான். ஒரு லட்சம் ரவுண்டு தாண்டியும் நன்றாகச் சுடும் பேரல்கள் உண்டு. இருந்தாலும் தொண்டையின் கீழ்ப்பக்கம், ஆறு மணி இடத்தில், மெதுவாகக் கரடாவதைப் பார்க்கலாம். .22 தோட்டாவின் விளிம்பில் இருக்கும் தீப்பற்றும் கலவையில் உராய்வுக்காக நுண்ணிய கண்ணாடித்தூள் சேர்ப்பது பழைய வழக்கம். அந்தத் துகள் கீழே தங்கும், அடுத்த குண்டு அதன் மேல் ஏறிப் போகும். அதனால்தான் சேம்பர் பக்கத்தை ஒவ்வொரு நாளும் துடைக்கச் சொல்கிறேன். தொண்டை கெட்டால் முழுப் பேரலையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. பின்பக்கம் ஓர் அங்குலம் போல் வெட்டிப் புதிதாகச் சேம்பர் போடும் வழக்கம் உண்டு.

பெரிய தோட்டாவுக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் பேரல் போகிறது?

வெப்பம். அங்கே மருந்து பல மடங்கு அதிகம், எரியும் வாயு இரும்பு உருகும் சூட்டைவிடச் சூடானது. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான் என்றாலும், ஒவ்வொரு வெடிப்பிலும் தொண்டையின் மேல்தோல் சூடாகி உடனே ஆறுகிறது. கோடைக்குப் பிறகு ஏரி வறண்டு களிமண் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, தேய்ந்த தொண்டை கேமராவில் அப்படியே தெரியும். போட்டித் தரத்தில் .308 என்ற தோட்டா வகைக்கான பேரல் சுமார் 5,000 ரவுண்டு, 6.5 கிரீட்மோர் என்ற வகைக்கானது சுமார் 2,500 ரவுண்டு என்று சுடுபவர்கள் கணக்கு வைத்துக்கொள்வார்கள். இடைவெளி விடாமல் சடசடவென்று சுட்டால் அதிலும் பாதிதான்.

இந்தப் பாடத்தை உலகம் படித்தது 1890-களில். பிரிட்டிஷ் ராணுவம் 1888-ல் எடுத்துக்கொண்ட லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளின் காடிகள் ஆழமில்லாமல், விளிம்பு மழுங்கலாக இருந்தன. கரிமருந்தின் கசடு தங்காமல் இருக்க அந்த வடிவம் அருமையானது. பிறகு கார்டைட் என்ற புகையற்ற மருந்து வந்தது. அதில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். அதன் சூட்டில் அந்த மென்மையான காடிகள் கரைந்தே போயின. 1895-ல் ஐந்து ஆழமான, சதுர விளிம்புக் காடிகள் கொண்ட என்ஃபீல்டு பேரல் வந்தது இதனால்தான். லீ-என்ஃபீல்டு என்ற பெயரின் பின்பாதி அந்தக் காடிகளின் பெயர். 1901-ல் மருந்தையும் மாற்றி நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்தார்கள்.

நீலகிரி மலை ரயிலில் குன்னூர், வெலிங்டன் தாண்டினால் வரும் அருவங்காடு நிலையத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அங்கே 1903-ல் தொடங்கிய கார்டைட் ஃபேக்டரிக்குப் பெயர் கொடுத்தது இதே மருந்துதான்.

பழைய .303 (லீ-என்ஃபீல்டு) ரைஃபிள் பேரல் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ஆனாலும் நன்றாகச் சுடுகிறதே?

சுடும். குழிகள் நடுவில் இருந்து, தொண்டையும் வாயும் நன்றாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அவசரத்துக்கு ஐந்து காடிக்குப் பதில் இரண்டே காடி போட்டு லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள் பேரல்கள் செய்தார்கள். அவையும் ராணுவத் தேவைக்குப் போதுமான அளவு நேராகவே சுட்டன.

அந்தக் குழிகளுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய தோட்டாவின் தீப்பற்றும் கலவை. அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகப் பேரலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்டு முடித்ததும் சிப்பாய்கள் பேரலில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றியது அதற்காகத்தான். இன்றைய .22 போட்டித் தோட்டாக்களில் இந்தக் குளோரேட் சிக்கல் இல்லை, உங்கள் ரைஃபிளில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் என்ன செய்வது?

ஏசி ரேஞ்சிலிருந்து வெளியே எடுத்துவந்ததும் ஐந்து நிமிடத்தில் பேரல் மேல் வியர்த்துவிடும். உள்ளேயும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது. பெட்டியை மூடியபடியே வெளியே வைத்து, இரும்பு வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். வீட்டில் ஃபோம் பெட்டிக்குள் மூடி வைக்காதீர்கள், ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டி பயணத்துக்கு, அலமாரி வீட்டுக்கு. அலமாரியில் சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ரைஃபிளை ஒரு வாரத்துக்கு மேல் சும்மா வைப்பதானால் மெல்லிய எண்ணெய்ப் பேட்ச் ஒன்று விடுங்கள். சுடுவதற்கு முன் உலர்ந்த பேட்ச் விட்டு அந்த எண்ணெயை எடுத்துவிட வேண்டும்.

ஏர் ரைஃபிளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வாயும் கிரவுனும் பொருந்தும். சூடு, கரி, தொண்டைத் தேய்மானம் எதுவும் இல்லை. ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டான பெல்லெட் போகும் வேகம் வினாடிக்கு சுமார் 170 மீட்டர்தான். ஈயப் படிவை எடுக்க ஃபெல்ட் துணியால் ஆன துடைப்புப் பெல்லெட்டைக் கம்பியால் தள்ளினால் போதும். 10 மீட்டரில் பத்தாம் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. என்பதால் பெல்லெட் தேர்வுதான் அங்கே பெரிய விஷயம். தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வரும், மூன்றையும் ரைஃபிளைப் பிணைத்து வைத்துச் சுட்டுப் பாருங்கள்.

பேரல் சூடானால் குறி மாறுமா?

.22-வில் போட்டி வேகத்தில் கவலை இல்லை. பெரிய தோட்டாவில் மாறும், அதோடு பேரலிலிருந்து எழும் கானல் ஸ்கோப் முன்னால் ஆடும்.

புதுப் பேரலுக்கு, ஒவ்வொரு குண்டுக்கும் துடைத்துப் பழக்கும் சடங்கு அவசியமா?

.22-வுக்குத் தேவையில்லை. ஒரு முறை தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சுடத் தொடங்குங்கள்.

பேரலை மாற்றினால் கையில் இருக்கும் தோட்டா லாட் பொருந்துமா?

பொருந்தும் என்று நம்பி வாங்கிக் குவிக்காதீர்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வந்த இரண்டு பேரல்கள்கூட ஒரே லாட்டை விரும்பாமல் போகலாம். வெளிநாட்டில் ஈலி (Eley), லாப்புவா (Lapua) போன்ற தோட்டா நிறுவனங்கள், உங்கள் பேரலை இரும்புப் பிடியில் பிணைத்து லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியையே வைத்திருக்கின்றன. நம்மால் அங்கே போக முடியாவிட்டால் நண்பர்கள் ஆளுக்கொரு லாட்டில் ஒரு பெட்டி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொன்றிலும் முதல் இருபது குண்டைப் பேரலைப் பழக்குவதற்கு விட்டுவிட்டு, அடுத்த முப்பதை மூன்று குரூப்பாகச் சுடுங்கள். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மொத்தமாகக் குறுகலாக இருக்கும் லாட்டை வாங்குங்கள். அதன் எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பேரல் மாற்றிய தேதியையும் அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.